பயறு கேட்டார்க்கு உழுந்து: இணைய அங்காடியின் வகைமுறை பற்றி ஓர் ஆய்வு

தொல்காப்பியச் சொல்லதிகாரத்துக் கிளவியாக்கத்தில், கடைக்காரர்க்கென்றே வகுத்தாற்போன்ற விதி ஒன்று உண்டு. ஒருவன் ஒரு பொருளைக் கேட்கிறான். அது கடையில் இல்லை. 'அல்லது இல்லை' என்னும் வாய்பாட்டால் விடை கூறும் வணிகன், கேட்ட பொருளையே திருப்பிச் சொல்லாமல், தன்பால் உள்ள பிறிதொரு பொருளைச் சொல்லுதல் வேண்டும் என்பது அவ்விதியின் கருத்து. உரையாசிரியர் காட்டும் எடுத்துக்காட்டும் அங்காடிக்கு உரியதே. பயறு உண்டோ என்று வினவியவர்க்கு, உழுந்தல்லது இல்லை என்று வணிகர் விடையிறுக்கிறார். பயறு கேட்டவர்க்கு உழுந்து கூறப்பட்டதேயன்றி, உப்போ புடைவையோ கூறப்படவில்லை என்பது நோக்கத்தக்கது. அது இனம் அறிந்து சொன்ன விடை; கேட்டவர் எதற்காகக் கேட்டிருப்பார் என்று ஊகித்துச் சொன்ன விடையும் ஆகும்.

இலக்கணம் சொல்லாட்சியைப் பற்றியே பேசுகிறது, வாணிகத்தைப் பற்றியன்று. ஆயினும் அவ்விடையை இன்று கைப்பேசியில் கிடைக்கும் விடையோடு வைத்து ஒப்பிட்டால், இரண்டாயிரம் ஆண்டு வளர்ச்சியின் பயன் யாது என்னும் ஐயம் எழாமற் போகாது. இணைய அங்காடியிற் பயறு தேடுவார்க்குச் சில வேளை, பொருள் கிடைக்கவில்லை என்னும் ஒற்றை வரி கிடைக்கிறது. சில வேளை பயற்று நிறத்துச் சட்டை கிடைக்கிறது! முன்னது இனம் அறியாமை. பின்னது இனம் அறிந்ததாக எண்ணிக்கொண்ட அறியாமை. இவ்விரண்டும் கணிப்பொறியின் குற்றமல்ல. பொருள்களை வகுத்தவர், அவற்றைத் தேடுவார் எவ்வாறு கேட்பர் என்று எண்ணிப் பாராமையின் குற்றமாகும்.

பேராக் மாநிலத்துப் பத்தாங் பாடாங் மாவட்டத்தில், தாப்பாவுக்கும் சுங்காய்க்கும் இடைப்பட்டது பீடோர். கொய்யாவுக்குப் பேர்போன ஊர். சாலையோரக் கடைகளிற் பெத்தாய்க் காய்கள் கொத்துக் கொத்தாகத் தொங்குவதை அவ்வழிச் செல்வோர் காண்பர். ஈயமும் இரப்பரும் வளர்த்த வட்டாரம் அது. இரப்பர் நின்ற நிலங்கள் பல பின்னாளிற் செம்பனைக்கு மாறின. லயங்களில் வாழ்ந்தோர் பலர் தாமான்களுக்குக் குடிபெயர்ந்தனர். தோட்டத்துக் கடையும், சம்பள நாளைக்குக் கணக்கெழுதும் வழக்கமும் அவர்களோடு பெயர்ந்து வரவில்லை. லசாடா 2012-இலும், ஷோப்பி 2015-இலும் மலேசியாவிற் கடை விரித்தன. ஈப்போ லிட்டில் இந்தியாவுக்குப் பேருந்தேறிச் சென்று வாங்கிய குத்துவிளக்கையும் இடியாப்ப உரலையும் இன்று வீட்டிலிருந்தவாறே வரவழைத்தல் கூடும். ஆராயப்படுவது எந்த ஒரு நிறுவனமும் அன்று. இத்தகைய அங்காடிகள் பலவற்றுக்கும் பொதுவாய் அமைந்த வகைமுறையே ஈண்டு ஆராயப்படுகிறது.

பழைய தோட்டக் கடையில் அட்டவணை இல்லை, வடிகட்டியும் இல்லை. ஆனால் அவ்விரண்டின் தொழிலையும் கடைக்காரர் செய்தார்.

"அண்ணே, வேட்டி வேணும்."

"நாலு முழமா, எட்டு முழமாப்பா?"

"எட்டு முழம்."

"கல்யாணத்துக்கா? அப்படின்னா சரிகைக் கரைதான் எடுக்கணும். எத்தனை விரல் கரை?"

இவ்வெதிர்வினாக்கள் மூன்றே. அவற்றுள் ஒவ்வொன்றும் அலமாரியிற் பாதியை விலக்கிவிடுகிறது. வேட்டி கேட்டவனிடம் 'என்ன அளவுச் சட்டை போடுவாய்?' என்று அவர் கேட்கவில்லை. எந்த நாட்டு நூல் என்றும் கேட்கவில்லை. வேட்டிக்கு உரிய வினாவை வேட்டிக்கும், விளக்குக்கு உரிய வினாவை விளக்குக்கும் கேட்டார். இணைய அங்காடியின் ஓரத்தில் நிற்கும் வடிகட்டி என்பது இவ்வெதிர்வினாவின் அச்சு வடிவமே. நல்ல வடிகட்டி நல்ல கடைக்காரரின் வினா. தீய வடிகட்டி கடைக்கு நேற்று வந்து சேர்ந்த பையனின் வினா. ஆடை என்னும் பெரும்பிரிவின்கீழ் வேட்டியைப் போட்டுவிட்டு, சிறிது, நடுத்தரம், பெரிது என்னும் சட்டையளவுகளை அதற்கும் மாட்டிவிடும் அட்டவணை இரண்டாம் வகையைச் சார்ந்தது. வேட்டிக்கு முழமும் கரையும், புடைவைக்குக் கெஜமும் நூலும், குத்துவிளக்குக்கு உயரமும் முகமும் உலோகமும், இட்டலிக் கொப்பரைக்குக் குழியின் எண்ணிக்கையும் வினாவாக வேண்டும். இவை யாவும் வாங்குவார் வாயிலேயே கிடக்கும் சொற்கள். தேடிப் பிடிக்க வேண்டியன அல்ல.

அங்காடியின் அட்டவணையும் ஒரு நூலே. படிப்பவர் இலர் என்பதனால் அது நூலாகாமற் போய்விடாது. பலர் நாடோறும் புரட்டும் நூல் அது. ஆகவே நூலுக்குச் சொன்ன குற்றங்களை அதனிடத்தும் பார்த்தல் தகும். நன்னூலார் கூறிய பத்துக் குற்றங்களிற் பெரும்பாலன இதன்கண் உள. விற்பவர் தம் சரக்கின் பெயரோடு, தொடர்பற்ற இருபது சொற்களைச் சேர்த்துக் கட்டி, எதைத் தேடினும் தம் சரக்கே எதிர்ப்படுமாறு செய்வது மிகைபடக் கூறல். தலைப்பிற் பித்தளை என்றும் விவரத்தில் வேறொரு மாழை என்றும் வருவது மாறுகொளக் கூறல். இல்லம், அலங்காரம், பண்டிகை, பிற என்று ஒவ்வொரு படியாக இறங்கி, ஐந்தாம் படியில் இரண்டே பொருள்கள் நிற்கும் கிளைகளைக் காண்போர்க்குச் சென்று தேய்ந்து இறுதல் என்பதற்கு வேறு விளக்கம் வேண்டா. ஆயினும் இவற்றினும் கொடியது மயங்க வைத்தல். அதனைச் சற்றே விரித்துக் காண்டல் நலம்.

பீடோர்க் கொய்யாவையே எடுத்துக்கொள்க. மலாய்மொழியில் அது ஜம்பு பத்து. ஜம்பு ஆயர் என்பது வேறொரு கனி; ஜம்பு மாவார், ஜம்பு போல் என்பனவும் வேறு வேறு. எல்லாம் ஜம்பு என்னும் ஒரு குடைக்கீழ் நிற்பன. இனித் தமிழரிடம் வந்தாலோ, சம்பு என்பது நாவல். திருவானைக்காவுக்கு ஜம்புகேசுவரம் என்று பெயர் வந்ததும் அங்குள்ள வெண்ணாவல் பற்றியே. ஒரு சொல் ஒரு மொழியிற் கொய்யாவையும், மற்றொரு மொழியில் நாவலையும் குறிக்க, வாங்குவாரும் விற்பாரும் ஒரே சொல்லால் வெவ்வேறு பழத்தைப் பேசிக்கொள்ளும் நிலை உண்டாகிறது. பழமாயின் படத்தைப் பார்த்துத் தெளியலாம். சீரகத்துக்கு அதுவும் இயலாது. சீரகம் ஜிந்தான் பூத்தே. பெருஞ்சீரகமாகிய சோம்பு ஜிந்தான் மானிஸ். கருஞ்சீரகம் ஜிந்தான் ஹீத்தாம். ஜிந்தான் என்று மட்டும் எழுதி, சிறு படம் ஒன்றும் இட்டு விற்பவரிடம் வாங்கியவர், இரசத்துக்குச் சீரகம் எதிர்பார்த்துச் சோம்பைப் பெற்றால், குற்றம் யாருடையது? ஒரு பொட்டலத்தின் விலை சிறிதுதான். ஆனால் திருப்பி அனுப்பும் செலவும், அவர் எழுதும் குறைகூறும் விமரிசனமும் சிறு வணிகரைச் சேர்கின்றன.

இவ்விடத்தில் நம் நிகண்டுகளை நினைத்தல் பொருந்தும். திவாகரம் பன்னிரண்டு தொகுதிகளை உடையது. தெய்வப் பெயர், மக்கட் பெயர், விலங்கின் பெயர், மரப் பெயர், இடப் பெயர் எனத் தொடங்கி ஒலி பற்றிய பெயர் வரை நிற்கும் முதற் பத்தும், ஒரு பொருளுக்கு உரிய பல பெயர்களைத் திரட்டுவன. பதினோராவது, ஒரு சொல்லுக்கு உரிய பல பொருள்களைக் கூறுவது. பன்னிரண்டாவது, பல பொருள்கள் கூடிய கூட்டத்துக்கு வழங்கும் ஒரு பெயரைக் கூறுவது. இன்று பொருள்தேடு பொறியை அமைப்போர் தனித்தனியே கண்டு வியக்கும் உறவுகள் மூன்றும் இவையே. கொய்யா, ஜம்பு பத்து என்பன ஒரே பொருள் என்று பொறிக்கு அறிவிப்பது முதற் பத்தின் வேலை. ஜம்பு என்று தேடுவாரிடம், 'எந்த ஜம்பு?' என்று வினவ வைப்பது பதினோராம் தொகுதியின் வேலை. மூன்றாவது உறவே பெரிதும் கைவிடப்பட்டுக் கிடக்கிறது. திரிகடுகம் என்று தேடுவார்க்குச் சுக்கும் மிளகும் திப்பிலியும் சேர்ந்து வருதல் வேண்டும். அவை மூன்றும் மூன்று வேறு பிரிவுகளில் இருப்பினும் வேண்டும். பொங்கற் சாமான் என்று ஒருவர் தேடினால் பானையும் கரும்பும் மஞ்சட் கொத்தும் ஒரே பக்கத்திற் காட்சி தரவேண்டும். பானையைச் சமையற் கலத்தினின்றும், கரும்பைத் தோட்டப் பயிரினின்றும் அவரே பொறுக்கிக்கொள்ளட்டும் என்று விடுவது, பன்னிரண்டாம் தொகுதியைக் கிழித்தெறிந்த நிகண்டைக் கையிற் கொடுப்பது போன்றதாம்.

நிகண்டை இவ்வாறு போற்றுமிடத்து அதன் குறையையும் மறைத்தல் ஆகாது. அதில் ஒரு பொருளுக்கு ஓரிடமே உண்டு. விளக்கு எங்கே என்று கேட்டால் நிகண்டு விடை கூறும்; பித்தளையால் ஆயவை யாவை என்று கேட்டால் வாய் திறவாது. மனனம் செய்வதற்கு ஆக்கிய நூலிடத்தில் அதனை எதிர்பார்த்தலும் முறையன்று. சூடாமணி நிகண்டின் பதினோராம் தொகுதி எதுகை முறையில் அமைந்ததும் நினைவுக்கு உதவவே. 1594-இல் தோன்றிய அகராதி நிகண்டு சொற்களை அகர முதலாக அடுக்கிற்று. ஆனால் ஒரே சொற்களஞ்சியத்துக்குப் பல வாயில்கள் வைக்கலாம் என்பதைச் செய்து காட்டியது, 1732-இல் வீரமாமுனிவர் இயற்றிய சதுரகராதி. சொல்லை அறிந்தவன் பெயரகராதியின் வழியே நுழையலாம். பொருளை மட்டும் அறிந்தவன் பொருளகராதியின் வழியே. கூட்டத்தை அறிந்தவன் தொகையகராதியின் வழியே. எதுகை தேடுவோன் தொடையகராதியின் வழியே. வீடு ஒன்று, வாயில் நான்கு. வருகின்றவன் எத்திசையினின்று வருவான் என்று வீடு கட்டுவோன் முன்கூட்டி அறிய இயலாது என்னும் அடக்கம் இவ்வமைப்பில் உண்டு. இன்றைய அட்டவணையாளர் பலரிடத்தும் காணப்படாதது இவ்வடக்கமே.

மேலைநாட்டில் மெல்வில் டூயி 1876-இல் வெளியிட்ட தசமப் பகுப்பு ஒற்றை வாயில் வீட்டுக்குத் தக்க சான்று. நூலொன்றுக்கு எண்ணொன்று, அலமாரியில் இடமொன்று. சமயத்துக்கென ஒதுக்கிய நூறு எண்களில், 220 முதல் 289 வரை விவிலியத்துக்கும் கிறித்தவத்துக்குமே போக, ஏனைய சமயங்கள் யாவும் 290 என்னும் ஒரு மூலையில் ஒடுங்கின. டூயி பகைமையாற் செய்தாரல்லர். தம் நூலகத்து வாசகரை மனத்திற் கொண்டு செய்தார். பின்வந்த பதிப்புகள் இதனைத் திருத்த முயன்றதும் உண்மையே. எனினும் 'பிற' என்னும் மூலையில் வாழ்வோர்க்கு அம்மூலை எவ்வளவு சிறியது என்பது தெரியும். பீடோர் இல்லத்தரசி ஒருவர் தாம்பாளத்தைத் தேடிச் சென்று, ஈற்றில் 'பிற அலங்காரப் பொருள்கள்' என்னும் பிரிவில், நெகிழிப் பூக்களுக்கும் சுவரொட்டிகளுக்கும் நடுவே அதனைக் காண்பாராயின், அவரும் 290-ஆம் எண்ணில் நிற்பவரே.

இம்முடிச்சை அவிழ்த்தவர் சோழநாட்டுச் சீர்காழியில் 1892-இற் பிறந்த இரங்கநாதன். கணித ஆசிரியராய் இருந்து, 1924-இல் சென்னைப் பல்கலைக்கழகத்தின் நூலகராகி, பயிற்சிக்காக இலண்டன் சென்றார். அங்கே செல்ஃபிரிட்ஜஸ் என்னும் பெருங்கடையில் மெக்கானோ என்ற விளையாட்டுக் கருவியைக் கண்டார். சில பட்டைகள், சில சக்கரங்கள், சில திருகாணிகள்; அவற்றையே மாற்றி மாற்றிப் பூட்டி எத்தனையோ பொம்மைகள் செய்யலாம். அறிவுத் துறைகளுக்கும் அவ்வாறே செய்தால் என்ன என்பது அவர்க்குத் தோன்றிய எண்ணம். 1933-இல் வெளிவந்த கோலன் பகுப்பு அதன் விளைவு. நூலுக்கு ஆயத்தமான ஒரு பெட்டியைத் தேடாமல், அதன் பொருளைக் கூறு கூறாகப் பிரித்து, அக்கூறுகளைப் பூட்டி எண் அமைப்பது அம்முறை. அவர் பின்னர் வகுத்த ஐந்து அடிப்படைக் கூறுகள் ஆளுமை, மூலப்பொருள், ஆற்றல், இடம், காலம் என்பன. 1955-இல் இலண்டன் வகைப்பாட்டு ஆய்வுக் குழுவினர், செய்தி மீட்பு முறைகள் அனைத்துக்கும் இப்பன்முகப் பகுப்பே அடிப்படையாதல் வேண்டும் என்று அறிக்கை விடுத்தனர். இன்று அங்காடிப் பக்கத்தின் ஓரத்தில் நிறம், விலை, உலோகம், அளவு என்று நிற்கும் பட்டியல் இப்பகுப்பின் வழித்தோன்றலே. கடையொன்றிற் பிறந்த எண்ணம், நூலகம் முழுதும் சுற்றிவிட்டு மீண்டும் கடைக்கே வந்து சேர்ந்தது வியப்புக்குரியது.

இவ்விடத்தில் ஒரு தடை எழுதல் கூடும். நன்னூலார் பெயர்ச்சொற்கு நிலைக்களனாகப் பொருள், இடம், காலம், சினை, குணம், தொழில் என ஆறு கூறினாரே, ஐந்து கூறியவரினும் ஆறு கூறியவர் முந்தியவர் அல்லரோ என்பர் சிலர். இது வீண் பெருமை. நன்னூலார் பகுத்தது பெயர்ச்சொல்லை. இரங்கநாதன் பகுத்தது நூற்பொருளை. இரண்டிடத்தும் நோக்கம் வேறு. ஆயினும் அவ்வாறனையும் வினாக்களாக மாற்றிக் கைக்கொள்வார்க்குப் பயன் உண்டு என்பதில் ஐயமில்லை. எங்குச் செய்தது, எந்நாளுக்கு உரியது, அதன் உறுப்பு யாது, தன்மை யாது, என்ன தொழிலுக்கு உதவும் என்று கேட்டுச் சென்றால், பால் வெட்டும் கத்தி முதல் பன்னீர்ச் செம்பு வரை எப்பொருளுக்கும் தக்க வடிகட்டி கிடைக்கும். சினை பற்றிய வினா மிகத் தேவையானது. பழைய மாவரைக்கும் பொறிக்குக் கல் மட்டும் வேண்டுவோர், முழுப் பொறிகளுக்கிடையே அலைந்து சலிப்பதை அது தவிர்க்கும்.

வடிகட்டியின் உள்ளமைப்பில் நுட்பமான இடம் ஒன்று உண்டு. சிவப்பும் பச்சையும் காட்டு என்று ஒருவர் புடைவைக் கடையிற் சொன்னால், சிவப்பு ஒன்று பச்சை ஒன்று என்பதே பொருள். சிவப்பாகவும் பட்டாகவும் காட்டு என்றால் இரண்டும் ஒன்றிலேயே அமைதல் வேண்டும் என்பது பொருள். உம்மை ஒன்றே, பொருள் இரண்டு. கடைக்காரர் இதனைச் சொல்லாமலே அறிவார். பொறிக்கோ, ஒரு கூற்றினுள் தேர்ந்தவற்றை 'அல்லது' என்றும், கூறுகளுக்கிடையே தேர்ந்தவற்றை 'உம்' என்றும் கொள்ளுமாறு விதித்தல் வேண்டும். அதனை மாற்றி விதித்த அங்காடியில், சிவப்பையும் பச்சையையும் ஒருசேரத் தொட்டவர்க்கு ஒரு புடைவையும் எஞ்சாது. ஒவ்வொரு தேர்வின் அருகிலும் எத்தனைப் பொருள் உள என்னும் எண்ணைக் காட்டுவது மற்றொரு நல்வழக்கம். வெறுங்கிணறு என்று முன்பே அறிந்தவர் வாளியை இறக்கமாட்டார்.

வாங்குவார் பக்கம் இவ்வளவு. விற்பார் பக்கத்தில் வேறொரு துன்பம் ஒளிந்திருக்கிறது. வடிகட்டி நிரம்புவது விற்பவர் எழுதும் விவரத்தால். கரை என்னும் கட்டத்தை அவர் வெறுமையாக விட்டாராயின், வாங்குவார் சரிகைக் கரை என்று தேர்ந்த மறுகணமே அவர் வேட்டி மறைந்துவிடும். சரக்கு உண்டு, கரையும் சரிகையே, ஆனாலும் அது கடையில் இல்லாததாகிவிட்டது. தம் சரக்கு மறைக்கப்பட்டதை அவர் அறியவும் மாட்டார். ஏன் விற்கவில்லை என்று விலையைத்தான் குறைப்பார். பெருவணிகர்க்கு விவரம் நிரப்ப ஆட்கள் உளர். தாமான் வீட்டின் முன்னறையிலிருந்து முறுக்கும் வேட்டியும் விற்கும் ஒருவர்க்கு, தமக்கு விளங்காத முப்பது கட்டங்களை விளங்காத சொற்களால் நிரப்புவது இயலுமோ? கட்டங்களைக் குறைத்து, அச்சரக்குக்கு இன்றியமையாத நான்கைந்தை மட்டும் அவர் வழங்கும் சொல்லாற் கேட்பதே முறை. குன்றக் கூறலுக்கு மருந்து மிகைபடக் கேட்டல் அன்று. வெறுமையாய் விடப்பட்ட சரக்குகளை அடியோடு மறைத்துவிடாமல், விவரம் தெரியாதவை என்று பட்டியலின் ஈற்றிலேனும் நிறுத்தலாம். இதற்குப் பெரிய செலவொன்றும் இல்லை.

தமிழெழுத்தில் தேடுவாரும், தமிழை உரோமன் எழுத்தில் எழுதித் தேடுவாரும் உளர் என்பதையும் மறத்தல் ஆகாது. தோசை என்னும் ஒரு சொல்லை உரோமன் எழுத்தில் ஒருவர் எழுதியவாறு மற்றவர் எழுதார். உணவகப் பெயர்ப்பலகைகளே அதற்குச் சான்று. இவற்றுள் ஒன்றே சரி, மற்றவை பிழை என்று தீர்ப்பளித்தல் புலவர்க்கு இனிதாகலாம். அங்காடிக்கு அது வேலையன்று. எல்லா வடிவங்களையும் ஒரே தோசைக்கல்லுக்கு வழிகாட்டச் செய்தால் போதும்.

இப்பெயர்களையெல்லாம் யார் தொகுப்பது என்று கேட்கலாம். தொகுப்பு முன்னரே நடந்துகொண்டிருக்கிறது. தேடி எய்தாத சொற்கள் ஒவ்வொன்றும் அங்காடியின் பொறியிற் பதிவாகக்கூடியவை. எந்தச் சொல்லை எழுதியோர் வெறுங்கையோடு திரும்பினர், திரும்புமுன் வேறு எந்தச் சொல்லை எழுதிப் பார்த்தனர், ஈற்றில் எதை வாங்கினர் என்பன யாவும் அப்பதிவில் வரிசையாக நிற்கும். கொய்யா என்று எழுதி ஏமாந்து, பின் ஜம்பு பத்து என்று எழுதி வாங்கிய ஒருவர், நிகண்டுக்கு ஓர் அடியைத் தம்மை அறியாமலே இயற்றிக் கொடுத்திருக்கிறார். அப்பதிவை மாதந்தோறும் ஒரு முறை, தமிழும் மலாயும் அறிந்த ஒருவரைக்கொண்டு படிக்கச் செய்து, கிடைத்த சொற்களை அட்டவணையிற் சேர்த்துவந்தால், பயறு கேட்டார்க்கு உழுந்தாவது கிடைக்கும். பல வேளைகளிற் பயறே கிடைக்கும், அது முன்பே கடையில் வேறு பெயரில் இருந்தமையால்.